பூக் கட்டுங்க மதினி

என்ன மதினி, தறிச் சத்தம் நின்னு அரைமணி நேரமாச்சு, ஒங்க வீட்டு டிவியில அழுவுற சத்தம் மட்டும் நிக்கலியே? அம்மைகிட்ட மவ எதையோ மறைச்சுட்டாளாக்கும்! அதுக்கா பிச்சிப்பூவை மடியில குமிச்சுப் போட்டுட்டு, நாரும் கையுமா மலைச்சுப்போய் உக்காந்திருக்கிய?

நானும் பழைய ஆளுதான். 2003-ல திருச்செல்வம் எடுக்க ஆரம்பிச்ச ‘கோலங்கள்’ சீரியல் 2009 வரைக்கும் ஓடுச்சு. தேவயானி அபியா வந்து குடும்பத்தைச் சுமந்துச்சு. அவ அம்மை கற்பகமா சத்யப்ரியா. அந்தம்மா வடிச்ச கண்ணீரைத் தேக்கியிருந்தா நம்மூர்க் குளம் மறுகால் பாஞ்சிருக்கும். 2022-ல அதே திருச்செல்வம் ‘எதிர்நீச்சல்’ எடுத்தாரு. அதே சத்யப்ரியா விசாலாட்சியா, நாலு மருமவளுக்கு மாமியாரா வந்து உக்காந்தா பாத்தியளா! அவுகளாவது சம்பளம் வாங்கிட்டு மாறுதாக. மவ வந்தா கற்பகம், மருமவ வந்தா விசாலாட்சின்னு நீங்க சும்மாவே மாறுதியளே, அதுதான் மதினி நடிப்பு.

சீரியல் நடத்துத வித்தையைச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. எதையும் மூஞ்சிக்கு நேரா கேட்டுறக் கூடாது. கதவுக்குப் பின்னால நின்னு பாதிப் பேச்சைக் கேட்டுட்டு ஓடிரணும். முழுசாக் கேட்டா கதை அன்னைக்கே முடிஞ்சிரும். சோப்பு விக்கிறவன் எங்க போவான்? வாரக் கடைசியில ஒரு உண்மை வெளிய வாரது மாதிரி மூஞ்சியை மூணு தடவை கிட்டக் காட்டி நிறுத்திரணும். திங்கக்கிழமை பாத்தா அது கனாவாப் போயிரும்.

நம்ம கோமதி அம்மனைப் பாருங்க. சங்கரன் பெருசா, நாராயணன் பெருசான்னு சங்கன், பதுமன்னு ரெண்டு பாம்பு சண்டை போட்ட ஊரு இது. ரெண்டு சாமியையும் ஒரே உடம்புல காட்டுங்கன்னு அம்மன் நேராக் கேட்டா, தபசு நின்னா, ஆடி உத்திராடத்துல காட்சி வாங்கிட்டா. சீரியல்காரன் கையில சிக்கியிருந்தா அந்த ரெண்டு பாம்பையும் ஒட்டுக் கேக்க விட்டே ஆறு வருசத்தை ஓட்டியிருப்பான்.

போன வாரம் ஒங்க மவ வந்திருந்தாளே, ஏதோ சொல்ல வாயெடுத்தா. “பொறுடி, விளம்பரம் வரட்டும்”னிய. விளம்பரமும் வந்துச்சு, ராஜபாளையம் பஸ்ஸும் வந்துச்சு.

இந்தா, இப்பவும் விளம்பரம் போட்டுட்டான். அவளுக்கு ஒரு போனைப் போடுங்க. அதுக்கு முன்ன மருமவளைக் கூப்பிட்டு ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்க. நாம பேசினதுல பாதியைக் கேட்டுட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னாலதான் நிக்கா.