பவர்பாயிண்ட் மகாத்மியம்

1987 ஏப்ரலில், மெக்கிண்டாஷ் கணினியில், கறுப்பு வெள்ளையில் பவர்பாயிண்ட் அவதரித்தது. பெற்றது கலிஃபோர்னியாவில் ஃபோர்தாட் என்ற சின்ன கம்பெனி. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோர் அதன் கர்த்தாக்கள். முதலில் வைத்த பெயர் 'பிரசென்டர்'. அந்தப் பெயரில் வர்த்தகமுத்திரைச் சிக்கல் வந்ததால் மாற்றினார்கள். பிள்ளைக்கு நாலு மாதம் நிறைவதற்குள் மைக்ரோசாஃப்ட் வந்து 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அவதார நோக்கம் மிகச் சாதுவானது. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் பிளாஸ்டிக் தாளுக்காக ஓவியப் பிரிவிடம் கெஞ்சாமல், மேனேஜர் தன் படத்தைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஒருநாள் இதை வைத்து வல்லரசின் ராணுவ உளவுத்துறை பக்கத்து நாட்டு அரசாங்கத்துக்குள் நுழையும் என்று காஸ்கின்ஸ் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், திருடனுக்கு இதைவிடத் தோதான கோப்பு கிடைக்குமா? வேர்ட் கோப்பு வந்தால் படிக்க வேண்டுமே என்று தள்ளிப்போடுகிறோம். எக்செல் வந்தால் யாரோ கணக்குக் கேட்கிறார்கள் என்று பயம். பவர்பாயிண்ட் வந்தால் மட்டும் கை தானாகத் திறந்துவிடுகிறது. எழுத்து பெரிதாக இருக்கும், படம் இருக்கும், மூளைக்கு வேலை இருக்காது. யாருமே படிக்காத, ஆனால் எல்லோருமே திறக்கிற கோப்பு உலகத்தில் இது ஒன்றுதான். இதன் சரித்திரம் முழுக்க இந்த ஒரு பலவீனத்தின் சரித்திரம்.

முதல் பாவம் பவர்பாயிண்ட் 97-இல் நடந்தது. ஸ்லைடுக்குள் நிரல் எழுதும் வசதியை, அதாவது மேக்ரோவை, மைக்ரோசாஃப்ட் தாராளமாக வழங்கியது. பேச்சுக்குத் துணையாக நாலு வரி காட்டும் பலகைக்குள் நிரல் ஓட வேண்டும் என்று எந்தப் பேச்சாளர் கேட்டாரோ தெரியவில்லை. கேட்காத ஆட்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1999-இல் 'டிரைஸ்டேட்' என்றொரு வைரஸ் வந்தது. வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் மூன்றிலும் பேதமில்லாமல் தொற்றியது. மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கைப் பெட்டி வைத்துத்தான் இருந்தது. மனிதகுலம் அதில் எந்தப் பொத்தானை அழுத்தினால் பெட்டி மறையும் என்பதைக் கற்றுக்கொண்டது.

2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஒரு பஞ்சாங்கம் வகுத்துக்கொண்டது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பேட்ச் வரும், ஓட்டை அடைபடும். பஞ்சாங்கம் அச்சடித்தால் அதைத் திருடனும் வாங்கிப் படிப்பான் இல்லையா? 2006 ஜூலை 11 செவ்வாய், பேட்ச் வந்தது. மறுநாள் புதன்கிழமை, புத்தம்புது பவர்பாயிண்ட் ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. சீன எழுத்துகளில் வந்த மின்னஞ்சலுடன் ஒரு கோப்பு. திறந்தவர் கணினியில் சத்தமில்லாமல் பின்வாசல் கட்டிவிட்டுப் போனது. அடுத்த செவ்வாய் முகூர்த்தம் ஆகஸ்ட் 8. அதுவரை நாலு வாரம், நம்பிக்கையில்லாத கோப்பைத் திறக்காதீர்கள் என்ற உபதேசத்தைத் தவிர பெரிதாக எதுவும் கையில் இல்லை. அந்த உபதேசம் எவ்வளவு வேலை செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

2009 இன்னும் விசேஷம். ஏப்ரல் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை ஒப்புக்கொண்டது. கோப்புக்குள் 'இத்தனையாவது வரியை எடு' என்று ஓர் எண் இருக்கும். அப்படியொரு வரி உண்டா இல்லையா என்று பவர்பாயிண்ட் பார்க்கவில்லை. இல்லாத எண்ணைக் கொடுத்தால் நினைவகத்தில் கண்ட இடத்தில் போய் விழுந்தது. விழுகிற இடத்தில் திருடன் தன் நிரலோடு காத்திருந்தான். மே 12-இல் பேட்ச் வந்தபோது பார்த்தால், ஒன்றை அடைக்கப் போனவர்கள் மொத்தம் 14 ஓட்டைகளை அடைத்திருந்தார்கள். அதுவும் வின்டோஸுக்கு மட்டும். மெக்கிண்டாஷ்காரர்கள் ஜூன்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறந்த வீட்டுக்கு இவ்வளவுதான் மரியாதை.

இனி 2014. மகாத்மியத்தின் யுத்த காண்டம் இதுதான்.

அந்த ஆண்டு உக்ரைனில் சண்டை மூண்டிருந்த நேரம். அரசு அலுவலகங்களுக்கு ஒரு பவர்பாயிண்ட் வந்தது, ரஷ்ய ஆதரவுத் தீவிரவாதிகளின் பட்டியல் என்று சொல்லிக்கொண்டு. அந்தச் சூழலில் எந்த அதிகாரி அதைத் திறக்காமல் இருப்பார்? கோப்புப் பெயரின் வால் பிபிஎஸ்எக்ஸ். சாதாரண பிபிடிஎக்ஸ் திறந்தால் தொகுக்கும் திரை வரும். இது நேரே ஸ்லைடு ஷோவாகவே ஓட ஆரம்பிக்கும். மேலே படம் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே பொதிந்திருந்த ஒரு பொருள், தொலைதூரத்தில் எவனோ திறந்துவைத்த பகிர்வு ஃபோல்டருக்குப் போய் இரண்டு கோப்புகளை எடுத்து வந்தது. ஒன்று, வின்டோஸில் மென்பொருள் நிறுவச் சொல்லும் ஐஎன்எஃப் கோப்பு. இன்னொன்றின் பெயர் ஸ்லைடு1.ஜிஃப். பெயரைப் பார்த்தால் படம். உண்மையில், பட்டுச் சட்டை போட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிக்பாக்கெட் மாதிரி, அது ஒரு முழு நிரல். ஐஎன்எஃப் அதன் வாலை மாற்றி எழுதி, அடுத்தமுறை கணினி எழும்போது தானாக ஓடும்படி செய்துவிட்டது. மேக்ரோ இல்லை. நினைவகத்தில் எதுவும் சிதறவில்லை. வின்டோஸ், தன்னிடம் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது, அவ்வளவுதான் குற்றம்.

இதைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் ஐசைட் பார்ட்னர்ஸ் நிறுவனம். நிரலைப் பிரித்துப் பார்த்தால் அராகிஸ், அட்ரெய்டீஸ், சர்தௌகர் என்று பெயர்கள். 1965-இல் ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' நாவலின் ரசிகர் எவரோ ரஷ்ய ராணுவ உளவுப் பணியில் இருந்திருக்கிறார்! நாட்டுக்காக ஒட்டுக்கேட்கிற இடத்திலும் நாவலில் வரும் பெயர்களை விடாத அந்த வாசகரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையே வருகிறது. அந்த நாவலின் ராட்சச மணற்புழுவையே ஐசைட்காரர்கள் இந்தக் கும்பலுக்குப் பெயராக வைத்தார்கள்: சாண்ட்வோர்ம்.

விஸ்டாவிலிருந்து 8.1 வரை எல்லா வின்டோஸிலும் அந்த ஓட்டை இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆதரவு நிறுத்தி கருமாதி முடித்த எக்ஸ்பியில் மட்டும் இல்லை. செத்தவன் தப்பித்தான். அக்டோபர் 14-இல் பேட்ச் வந்தது. ஒரே வாரத்தில், அந்தப் பேட்சைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி ஒன்று பவர்பாயிண்ட் மூலமாகவே புழக்கத்தில் இருப்பதாக 21-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் மறுபடி அறிவித்தது. அதை அடைக்க நவம்பர் 11 ஆனது. அடுத்த ஆண்டு டிசம்பர் 23-இல் இதே கும்பல் உக்ரைனில் சுமார் 2.25 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரத்தை வெட்டியது. அதற்கு உள்ளே நுழைந்தது பவர்பாயிண்டின் பங்காளிகளான வேர்ட், எக்செல் வழியாக. 2020-இல் அமெரிக்கா ஆறு ரஷ்ய ராணுவ உளவு அதிகாரிகள்மீது குற்றச்சாட்டு பதிவுசெய்தது.

யுத்தம் முடிந்ததும் கேலிக்கூத்து. 2017-இல் வந்த ஒரு கோப்பில் 'லோடிங், பிளீஸ் வெயிட்' என்று ஒரே ஒரு வரி. நீங்கள் கிளிக் செய்ய வேண்டியதே இல்லை. மவுஸை அதன்மேல் கொண்டுபோனாலே வின்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை ஓட்டப் பார்க்கும். எச்சரிக்கை வரும்தான்; காத்திருக்கிற மனிதன் எதற்கும் சரி என்பான். 2022-இல் அதே மவுஸ் உத்தியை ரஷ்யக் கும்பல் ஒன்று எடுத்துக்கொண்டது. ஓஇசிடி என்ற சர்வதேசப் பொருளாதார அமைப்பின் பெயரில் இரண்டே ஸ்லைடுகள், ஆங்கிலத்தில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. விஷயம் என்ன தெரியுமா? ஜூம் கூட்டத்தில் மொழிபெயர்ப்பு வசதியை எப்படிப் பயன்படுத்துவது. ராணுவ ரகசியமும் வேண்டாம், அழகியின் படமும் வேண்டாம், ஜூம் குறிப்பு போதும் என்று கண்டுகொண்டவன் உண்மையிலேயே அலுவலக உளவியல் அறிந்தவன்.

அதே 2022-இல்தான், இணையத்திலிருந்து வரும் கோப்பின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியது. ஜூலையில் புகார் கிளம்பியதும் பின்வாங்கி, அதே மாதக் கடைசியில் மறுபடி தடுத்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க 25 ஆண்டு.

சரி, நாம் என்ன செய்வது? மஞ்சள் பட்டையோடு புரொடெக்டட் வியூவில் கோப்பு திறந்தால் அப்படியே பாருங்கள். ஸ்லைடு பார்ப்பதற்கு 'எனேபிள் எடிட்டிங்' தேவையே இல்லை. அழுத்தச் சொல்லி ஸ்லைடே கெஞ்சினால் அது திருடன்தான். வின்டோஸில் கோப்பின் வாலைக் காட்டும் அமைப்பைப் போட்டு வையுங்கள். எதிர்பாராமல் பிபிஎஸ்எக்ஸ் வந்தால் அனுப்பியவருக்கு ஒரு போன் செய்துவிட்டுத் திறக்கலாம். அன்றாட வேலையை நிர்வாகி கணக்கில் செய்யாதீர்கள். அலுவலகக் கணினி இணையத்தில் எவனுடைய பகிர்வு ஃபோல்டரையும் திறக்க வேண்டிய அவசியமில்லை. அதற்கான வழியான 445-ஆம் போர்ட்டை வெளியே போகாமல் ஃபயர்வாலில் அடைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்ச் வந்தால் 'அப்புறம்' என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் என்றால் எவ்வளவு நாள் ஆகும் என்கிறீர்களா? இல்லாத வரியைத் தேடிப் போய் விழுந்த அந்த 2009 ஓட்டையை, தாக்குதலில் பயன்படுவதற்குச் சான்றுள்ள ஓட்டைகளின் பட்டியலில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை சிசா 2026 ஜனவரியில் சேர்த்து, அடைக்கும்படி அந்நாட்டு மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கெடு விதித்தது.