இப்ப வருது பாரும்

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நம் மணிக்கட்டை எட்டிப் பிடித்து, “வேய், இப்ப வருது பாரும்” என்பாரே, அவர்தான். தென்காசியில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவரை அண்ணாச்சி என்று மட்டும் சொல்கிறேன். பெயரைப் போட்டால் நாளைக்கே வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தட்ட ஆரம்பித்துவிடுவார்.

வரப்போவது என்னவென்றால், பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் முன் டிரம்ஸ்காரர் உருட்டுகிற ஓர் உருட்டு. மூன்று நொடி இருந்தால் அதிகம். அந்த மூன்று நொடிக்காகத்தான் இளையராஜா நாலு நிமிஷப் பாட்டே போட்டார் என்பது அண்ணாச்சியின் கட்சி. எஸ்.பி.பி. பாடுவதெல்லாம் டிரம்ஸ்காரர் கை ஆறுவதற்கு.

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று காதைத் தீட்டினால் கேட்க விடமாட்டார். உருட்டு வருகிற அதே நொடியில் அவர் வாயிலிருந்தும் வரும். “டுகுடுகு டுகுடுகு டம் டிஷ்!” டுகுடுகு அவர் தொடையில், டம் டேஷ்போர்டில், டிஷ் நம் தோளில். ஸ்பீக்கரில் என்ன வந்தது என்று ஸ்பீக்கருக்குத்தான் தெரியும்.

“கேட்டீரா?”

“கேட்டேன் அண்ணாச்சி.”

“எங்க கேட்டீரு? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே.”

பாட்டு பின்னால் போகும். மறுபடி மணிக்கட்டு, மறுபடி டுகுடுகு. ‘கேட்கவில்லை’ என்று உண்மையைச் சொன்னாலும் இதே தண்டனைதான். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். அண்ணாச்சி காரில் போனால் ஒரு பாட்டை முழுசாகக் கேட்க அந்தத் தூரம் பத்தாது. மேலகரத்தில் கூட்டம் குறுக்கே நடக்கும்போதும் ஸ்டீயரிங்கில் ஒரு கைதான் இருக்கும். இன்னொரு கை காற்றில் சிம்பலைத் தேடிக்கொண்டிருக்கும்.

1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்து ‘மடை திறந்து’ பாட்டை அவரோடு பல வருஷம் கேட்டிருக்கிறேன். ஒருநாள் வீட்டில் தனியாகப் போட்டுக் கேட்டபோது நடுவே வருகிற டிரம்ஸ் வேறு மாதிரி இருந்தது. அண்ணாச்சி வாயில் வருவதில் ஓர் அடி கூடுதல். மறுநாள் மெதுவாகச் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. “அந்த அடி இருக்கு வே. ரிக்கார்டிங்ல அமுங்கிப் போச்சு” என்றார்.

கேசட் காலத்தில் இந்த நோய் இன்னும் முற்றியிருந்தது. அந்த உருட்டுக்காகவே திரும்பத் திரும்ப ஓட்டியதில் நாடா சரியாக அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துபோனது. ‘பனிவிழும் மலர்வனம்’ முழுக்கப் பளிச்சென்று கேட்கும், அண்ணாச்சிக்கு உயிரான இடம் வரும்போது மட்டும் ‘கொர்ர்ர்’ என்று இழுக்கும். அதே பாட்டுக்கு மூன்று கேசட் வாங்கினார். மூன்றும் ஒரே இடத்தில் செத்தன.

ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் இருந்து மறைந்த ஊர் குற்றாலம். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவனை ருசி காண வைத்துவிடுவாராம். அந்தத் திரும்பத் திரும்ப மட்டும் எப்படியோ அண்ணாச்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தாளமே நம்மூர்ச் சரக்கு என்று சாதிக்க அவரிடம் சாட்சியும் உண்டு. குற்றாலநாதர் கோயில் தலமரம் குறும்பலா. தவில் கடைவதும் பலா மரத்தில். “வேற என்ன வே ஆதாரம் வேணும்?”

சீசனில் இவரோடு ஐந்தருவிக்குப் போகக்கூடாது. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று தாளத்தில் ஜாதி ஐந்து. அருவியும் ஐந்து. போதாதா? ஒவ்வொரு கிளையாக நின்று தலையைக் கொடுத்துக் கணக்குப் பார்ப்பார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கத்துவார்கள், போலீஸ்காரர் விசில் ஊதுவார். அந்த விசிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார். பெண்கள் பக்கம் விழுகிறதுதான் சங்கீர்ணமாக இருக்க வேண்டும் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. போய்ச் சரிபார்க்க வழியில்லை. திரும்பும்போது பிரானூர் பார்டர் பரோட்டா கடையில் கொத்து போடுகிறவரிடம், “அண்ணே, கொஞ்சம் ரெண்டாங்காலத்துல போடுங்க” என்பார். அவர் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். விவரமானவர்.

பெங்களூரில் வேலை பார்க்கிற என் அக்கா மகன் ஒருமுறை சாரலுக்கு வந்திருந்தான். அவனும் இதே சாதி, குலதெய்வம் மட்டும் வேறு. லெட் செப்பலின் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம்தான் அவனுக்கு எல்லாம். 1969இல் வந்த ‘மோபி டிக்’கைப் போட்டுக் காட்டி, மேடையில் இதையே கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டுவார், நடுவில் குச்சியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் வாசிப்பார் என்றான். சொல்லிக்கொண்டே அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்து, “அங்கிள், இப்ப வரும்” என்றான். அண்ணாச்சி திடுக்கிட்டுப்போனார். அவர் கையை அதுவரை யாரும் பிடித்ததில்லை.

முழுசாகக் கேட்டுவிட்டு, “கையால வாசிச்சான்னா நம்ம தவில் வகையறாதான்” என்று தீர்ப்புச் சொன்னார். 1980இல் பான்ஹம் இறந்ததும், அவரில்லாமல் நடத்த மாட்டோம் என்று மற்ற மூவரும் குழுவையே கலைத்துவிட்டார்கள் என்று பையன் சொன்னபோதுதான் அண்ணாச்சி முகம் மாறியது. “கொட்டுக்காரன் போயிட்டாம்னு கச்சேரியையே நிப்பாட்டிட்டானுவளா? மனுசம்லா வே அவனுவ!”

அந்தக் குரலில் இருந்த தழுதழுப்பு பொய்யில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். நம் கேசட் அட்டையில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், நடித்தவர் எல்லார் பெயரும் இருக்கும். டிரம்ஸ் அடித்தவர், தபலா வாசித்தவர் பெயர் இருக்காது. அண்ணாச்சி அதையெல்லாம் எங்கெங்கோ விசாரித்துத் தெரிந்துவைத்திருக்கிறார். எம்.எஸ்.வி.யிடம் வாசித்த நோயல் கிரான்ட், தபலா பிரசாத், ராஜா குழுவில் டிரம்ஸ் வாசித்து இசை நடத்துநராகவும் இருந்த புருஷோத்தமன் என்று சொந்தக்காரர் பெயர் சொல்வது போல் சொல்வார். ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ‘அவளுக்கென்ன’ பாட்டு வந்தால் எழுந்தே நிற்பார். 1964லேயே ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்து, வாத்தியக்காரர்களின் கையையும் முகத்தையும் காட்டிவிட்டார்கள் என்பதற்கு அந்த மரியாதை. அதில் பாங்கோஸ் துள்ளுவதைப் பற்றி அவர் பேசியதை நான் எழுதினால் இந்த இதழ் பத்தாது.

2020 மே மாதம் புருஷோத்தமன் காலமானார். ஊரடங்கு நேரம். செய்தியில் நோய்க் கணக்குக்கு நடுவே ஓடிப்போன தகவல் அது. அன்று சாயங்காலம் எதிர்வீட்டுத் திண்ணையில் அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து ‘மடை திறந்து’ போட்டார். நான் என் வாசலில் நின்றிருந்தேன். அந்த இடம் வந்தது. தொடையில் கை போகவில்லை, வாயும் திறக்கவில்லை. எங்கள் தெருவில் அந்த டிரம்ஸ் முழுசாகக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

இதற்குப் பிறகு அவரைத் திட்டக்கூடாது என்றுதான் இருந்தேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் திட்டியிருக்கவும் மாட்டேன்.

பத்திரிகையிலேயே எனக்கு முதல் இடறல். முன்பெல்லாம் நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வரம் இன்னார், ஸ்பெஷல் தவில் இன்னார் என்று ஊரோடு பெயர் போடுவார்கள். அண்ணாச்சி அடித்த பத்திரிகையில் மெல்லிசைக் குழுவின் பெயர் தங்க எழுத்தில், பாடகர்கள் படத்தோடு. கீழே ‘மங்கள இசை உண்டு’ என்று ஒரு வரி. பெயர் கிடையாது. கேசட் அட்டைக்காக இருபது வருஷம் கோபப்பட்ட மனுஷன்.

இரண்டு தவில் கேட்ட மேளக்காரரிடம், “ஒண்ணு போதும்லா, சத்தம் காதப் பிளக்கும்” என்று பேசி ஒன்றாக்கியிருந்தார். வந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் பூவரசங் குச்சியோடு விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். முகூர்த்தத்துக்கு அரைமணி முன்பு தனி எடுத்தார். சதுஸ்ரத்தில் தொடங்கி, கண்டத்துக்குத் தாவி, வழுக்கிக்கொண்டு மிஸ்ரத்தில் இறங்கி, சமத்தில் வந்து விழுந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் யார் மணிக்கட்டையும் பிடிக்கவில்லை. அண்ணாச்சி காதில் போனை வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டி எங்கே வருகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அடுத்த சுற்று எடுக்கும்போது, மெல்லிசைக் குழுவுக்கு மைக் சரிபார்க்க வேண்டுமென்று, அவரே விரலைச் சுழற்றி ‘முடி, முடி’ என்று சைகை காட்டினார். வாசித்தவர் பாதியில் கையை எடுத்துக்கொண்டார்.

இதை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. மண்டபத்தில் எல்லாருக்கும் கணக்கு முடிந்த பிறகுதான் மேளக்காரருக்குப் பணம் கொடுத்தார். இலை எடுத்த பந்தியில் அவர்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பேசின தொகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார். தனியாகக் கூப்பிட்டு, “ஏன் அண்ணாச்சி இப்படி?” என்று கேட்டேன்.

“மிஸ்ரத்துக்குப் போகுமுன்ன ஒரு அடி முந்திட்டாம் வே” என்றார். “போன்ல பேசுனா, நான் கேக்கலன்னு நெனச்சீரா?”