ஐந்தரை மணிக்காரர்

மயாமியிலிருந்தோ ஃபோர்ட் லாடர்டேலிலிருந்தோ கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பும் பெரிய உல்லாசக் கப்பல்கள் பலவற்றிலும் இவரைப் பார்க்கலாம். தேடி அலைய வேண்டாம். மாலை ஐந்தேகால் மணிக்குப் பிரதான உணவுக்கூடத்தின் மூடிய கதவுக்கு எதிரே போய் நின்றால், நமக்கு முன்பே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர்தான். எழுபதைத் தாண்டிய அமெரிக்கர். இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, கழுத்துக் கயிற்றில் கப்பல் அட்டை, அந்த அட்டையில் இதே கம்பெனியில் பலமுறை பயணம் போனவர் என்பதை உலகுக்கு அறிவிக்கும் தனி நிறம். பக்கத்தில் மனைவி. உள்ளே ஏசி கொல்லும் என்று தெரிந்து ஸ்வெட்டரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். கதவு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. "எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை" என்பார் அவர், கைப்பிடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தக் கப்பல்கள் பலவற்றில் டிக்கெட் போடும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள்: இரவுச் சாப்பாட்டுக்கு முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, இல்லை, நேரம் குறிக்காமல் தோன்றியபோது வருகிறீர்களா? முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணி வாக்கில். இரண்டாவது எட்டு, எட்டரைக்கு. பந்திக்காரர்களுக்குப் பயணம் முடியும்வரை ஒரே மேஜை, ஒரே சர்வர், ஒரே அக்கம்பக்கம். தோன்றியபோது வருகிறவர்களுக்குக் கிடைத்த மேஜை, கிடைத்த சர்வர். சாதாரண ஜனங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குவார்கள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். நம்மவர் கேள்வி முடிவதற்குள் "முதல் பந்தி" என்று சொல்லிவிட்டிருப்பார்.

ஐந்தரைக்கு இரவுச் சாப்பாடா என்று நமக்கு வாய் பிளக்கும். நமக்கு அது பஜ்ஜியும் காபியும் உள்ளே போகிற வேளை. ராத்திரி என்ன டிபன் என்ற பேச்சே எழுந்திருக்காது. ஆனால் ஃப்ளோரிடாவில் ஓய்வுபெற்றவர்கள் வாழும் ஊர்களில், சூரியன் சாயுமுன் சாப்பிட வருகிறவர்களுக்கென்றே விலையைக் குறைத்துப் போடும் ஹோட்டல்கள் உண்டு. அந்தச் சலுகையிலேயே பழகிய வயிறு ஐந்து மணிக்கே மணி அடிக்க ஆரம்பித்துவிடும். கப்பல்காரர்களுக்கும் இதில் லாபம்தான். ஊரளவு கூட்டத்தை ஒரே நேரத்தில் உட்காரவைக்க இடமில்லை. அதனால் முதல் பந்தி சாப்பிடும்போது இரண்டாம் பந்தியை நாடக அரங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு இவர்கள் அங்கே, அவர்கள் இங்கே. மில்லில் ஷிப்டு மாறுவதைப் போன்ற ஏற்பாடு. சங்கு மட்டும் ஊதுவதில்லை.

அந்தக் காலத்தில் ஊதியிருக்கிறார்கள். டைட்டானிக்கில் முதல் வகுப்புப் பயணிகளைச் சாப்பாட்டுக்கு அழைக்க ஊதுகொம்புக்காரர் ஒருவர் இருந்தார். பழைய இங்கிலாந்தின் மாட்டிறைச்சி வறுவலைப் பற்றிய ஒரு பாட்டின் மெட்டைத்தான் ஊதுவார். நினைத்த நேரத்தில் சாப்பிடும் உரிமையும் புதிதல்ல. 1905-இல் ஓடத் தொடங்கிய "அமெரிக்கா" என்ற ஜெர்மன் கப்பலில், வேண்டியதை வேண்டியபோது வரவழைத்துச் சாப்பிட ரிட்ஸ் பெயரில் ஓர் உணவகமே வைத்தார்கள். அதற்குத் தனியாகக் காசு. வேளை தவறிச் சாப்பிடுவது அன்று பெரிய மனிதர்களின் அந்தஸ்து. மற்றவர்களுக்குக் கொம்பு ஊதியதும் சாப்பாடு. 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் அந்த அந்தஸ்தை எல்லோருக்கும் பங்கு போட்டது. குறித்த நேரமில்லை, குறித்த மேஜையில்லை, "ஃப்ரீஸ்டைல்" என்று விளம்பரம் செய்தது. மற்றக் கம்பெனிகளும் ஆளுக்கொரு பெயரில் பின்தொடர்ந்தன. நம்மவர் அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், நெருங்கிய உறவு ஒன்று கெட்டுப்போன கதையைச் சொல்வதுபோல.

கதவு திறக்கிறது. வாசலில் கிருமிநாசினிப் புட்டியோடு நிற்கும் பையனிடம் இரண்டு கையையும் நீட்டி, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, நேரே தன் மேஜைக்கு நடக்கிறார். எண் தெரியும், வழி தெரியும். கூட்டிப்போக வருகிற பெண்ணைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறார். எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேஜை. மேஜைக்குத்தான் எண் உண்டு, நாற்காலிக்குக் கிடையாது. ஆனால் முதல் இரவு யார் எதில் உட்கார்ந்தார்களோ அது சாசனம். இரண்டாம் நாள் டெக்சாஸ் தம்பதி தெரியாத்தனமாக அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று நின்றுகொண்டே இருப்பார். அவர்கள் எழுந்திருக்கும்வரை நிற்பார்.

அந்த எட்டுப் பேரும் முன்பின் அறியாதவர்கள். முதல் நாள் ஊர், வேலை, இது எத்தனையாவது கப்பல் என்ற விசாரணை. இரண்டாம் நாள் முழங்கால் அறுவை சிகிச்சை. மூன்றாம் நாள் பேரப்பிள்ளைகளின் படம் போனில் வலம் வரும். நான்காம் நாளில் மருமகள்களைப் பற்றிய உண்மைகள் வெளிவரத் தொடங்கும். ஐந்தாம் நாள் ஒரு தம்பதி வராவிட்டால் மற்ற ஆறு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காசு கொடுத்துத் தனிச் சாப்பாடு போடும் ஸ்டேக் ஹவுஸுக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் முதல் பந்தியார் கத்தியைத் தட்டில் வைக்கும் ஓசை கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

ஆனால் இவர் இந்த எட்டுப் பேருக்காகவும் வருவதில்லை, சாப்பாட்டுக்காகவும் வருவதில்லை என்பது என் கட்சி. சர்வருக்காகத்தான் வருகிறார். கோவாக்காரரோ, மணிலாக்காரரோ, பாலித் தீவுக்காரரோ, முதல் நாள் இவர் எலுமிச்சை போடாத ஐஸ் டீ கேட்டதை அந்த மனிதர் மனத்தில் எழுதிக்கொள்கிறார். மறுநாள் இவர் உட்காருமுன் அது மேஜையில் இருக்கிறது. எலுமிச்சை இல்லை. பெயரைச் சொல்லி, "முட்டி வலி எப்படி இருக்கிறது?" என்று வேறு கேட்டுவிடுகிறார் சர்வர். நம்மவர் மனைவியைத் திரும்பிப் பார்க்கிற பார்வையைக் காண வேண்டும். நாற்பது வருடம் குப்பை கொட்டிய ஆபீசில் இவர் பெயரைத் தப்பாக எழுதிய கடிதங்கள்தான் வந்தன. இங்கே ஒரு மனிதர் ஒரே இரவில் கற்றுக்கொண்டுவிட்டார்.

இதில் சைவக்காரர்களுக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போய், அவன் டிக்கெட் போட்டுக் கப்பலேற்றிவிட்ட நம்மூர் அப்பா அம்மாக்களுக்கு, தோன்றியபோது சாப்பிடும் முறைதான் சௌகரியம் என்று படும். ஐந்தரை கட்டாது, எட்டரை தூக்கம். ஆனால் மெனுவில் இல்லாத பருப்பும் சப்பாத்தியும் பல கப்பல்களில் முன்கூட்டிச் சொன்னால்தான் கிடைக்கும். ஒரே மேஜை, ஒரே சர்வர் என்றால் முதல் நாள் ஒரு தடவை சொன்னால் போதும், பிறகு அதுவாகவே வரும். தினம் ஒரு மேஜை என்றால் தினமும் முதலிலிருந்து, மீனும் அசைவம்தான் என்பதிலிருந்து, விளக்க வேண்டும்.

நம்மவரின் பரம வைரி அந்தத் தோன்றியபோது சாப்பிடுகிறவர். அவருக்கு வயது நாற்பத்தைந்து, கூட இரண்டு பிள்ளைகள், காலில் ரப்பர் செருப்பு. "லீவுக்கு வந்திருக்கிறோம், பள்ளிக்கூடத்துக்கா?" என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். மூன்று மணிக்கு நீச்சல் குளத்தருகே ஆரம்பிப்பார்: எத்தனை மணிக்குச் சாப்பிடலாம்? எப்போ வேண்டுமானாலும், என்பாள் மனைவி. பிள்ளைகளுக்கு இப்போது பசியில்லை. ஐந்துக்கு மறுபடி கேட்பார். ஆறுக்குப் பிள்ளைகள் பீட்சா தின்றுவிட்டார்கள் என்று தெரியவரும். கடைசியில் எல்லோரும் குளித்து, சட்டை மாற்றி, ஏழேகாலுக்குப் போனால், கப்பலிலுள்ள சுதந்திர மனிதர்கள் அத்தனை பேரும் ஏழேகாலுக்குத்தான் வந்திருக்கிறார்கள். கையில் ஒரு பேஜரைக் கொடுத்து, இடம் வந்ததும் இது அதிரும் என்று அனுப்புகிறார்கள். மாடிப்படி ஓரத்தில் அதைக் கையில் ஏந்தி, அதிர்கிறதா அதிர்கிறதா என்று பார்த்தபடி நிற்கிறார். அந்த வழியாக, சாப்பிட்டு முடித்துப் பல்லிடுக்கைக் குச்சியால் குத்திக்கொண்டு நாடகத்துக்குப் போகிறார் நம்மவர். நின்று ஒரு புன்னகை செய்கிறார். கருணைதான், ஆனால் கொஞ்சம் நீளமான கருணை.

நம்மவரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார் என்று சொல்ல முடியாது. கரையிறங்கும் நாட்களில் அவர் பாடு பெரும்பாடு. மெக்சிகோவின் கோசுமெல் தீவு 2015 முதல் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை. கோடையில் மயாமி நேரத்திலேயே ஓடும் கப்பல் அங்கே ஒரு மணி முந்தியிருக்கும். கடைத்தெருவில் மனைவி வெள்ளி வளையலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். கடைச் சுவரில் மூன்றரை. நம்மவர் மணிக்கட்டில் நாலரை. கப்பல் ஆறரைக்குத்தான் கிளம்பும், நிறைய நேரம் இருக்கிறது என்கிறார் மனைவி. கப்பலைப் பற்றி இவர் எப்போது பேசினார்? குளிக்க வேண்டும், சட்டை மாற்ற வேண்டும், கதவுக்கு முன்னால் கால் மணி நேரம் நிற்க வேண்டும். கடைக்காரர் பாதி விலைக்கு இறங்கிய தருணத்தில், கேட்ட முழு விலையையும் எண்ணிக் கொடுத்துவிட்டு மனைவியை இழுத்துக்கொண்டு நடக்கிறார். அந்தக் கடைக்காரர் ஐந்தரை மணிப் பந்தி முறையை மனதார ஆதரிப்பவராகத்தான் இருப்பார்.

ஒருமுறை அட்லாண்டிக்கையும் தாண்டியிருக்கிறார், குயின் மேரி 2-இல். அங்கே பிரிட்டானியா உணவுக்கூடத்தில் இன்றும் இரண்டு பந்தி என்று கேள்விப்பட்டுத்தான் போனார். நியூயார்க்கிலிருந்து சவுத்தாம்ப்டன் ஏழு இரவு. வழியில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி வீதம் கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுகிறார்கள். கரை நெருங்கும்போது இவர் ஆறு மணிக்கு உட்காரும் இரவுச் சாப்பாடு, நியூயார்க் கணக்கில் பகல் ஒரு மணிச் சாப்பாடு. பசியே இல்லை. ஆனாலும் போனார், உட்கார்ந்தார், சூப்பிலிருந்து இனிப்புவரை ஒன்றையும் விடாமல் முடித்தார். சுவரில் ஆறு என்றால் ஆறுதான்.

டிஸ்னி கப்பல் மட்டும் அவருக்கு இன்னும் தீராத வழக்கு. பேரப்பிள்ளைகளுக்காகப் போனார். அங்கே நேரம் மாறாது, சர்வர் மாற மாட்டார், ஆனால் ஒவ்வொரு இரவும் வேறு வேறு உணவகத்துக்கு அனுப்புவார்கள். சர்வரும் கூடவே வருவார். இதை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. மனிதர் வந்துவிட்டார், மேஜை எங்கே?

கடைசி இரவு. மேஜையிலிருந்த எட்டுப் பேரும் முகவரி பரிமாறிக்கொள்கிறார்கள், யாரும் எழுதப்போவதில்லை. அன்பளிப்பெல்லாம் இப்போது நாள் கணக்கில் பில்லிலேயே சேர்ந்துவிடுகிறது. நேரம் குறிக்காமல் பல மேஜையில் சாப்பிடுகிறவர் யாருக்கென்று கொடுப்பது என்ற குழப்பமும் அதற்கு ஒரு காரணம். அதனால் உறை கொடுக்கும் வழக்கம் தேய்ந்துவருகிறது. நம்மவர் கேட்பாரா? வீட்டிலிருந்தே கொண்டுவந்த வெள்ளை உறை இரண்டு, ஒன்று சர்வருக்கு, ஒன்று அவருடைய உதவியாளருக்கு, இரண்டிலும் பெயர் எழுத்துப் பிழையில்லாமல். கொடுத்துக் கைகுலுக்கி, அடுத்த ஒப்பந்தம் எந்தக் கப்பலில் என்று சர்வரிடம் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்கிறார்.

அங்கிருந்து நேரே, அடுத்த பயணத்துக்கு முன்பதிவு செய்யும் மேஜைக்குப் போகிறார். துண்டுத் தாளைக் காட்டுகிறார். இந்தக் கப்பல், முதல் பந்தி, முடிந்தால் ஜன்னலோர மேஜை. இருக்கிறது என்கிறாள் அந்தப் பெண். முன்பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, ரசீதை மடித்துப் பையில் வைத்த பிறகு மனைவி கேட்கிறார், கப்பல் எங்கே போகிறது என்று. அவர் ரசீதை மறுபடி வெளியே எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "அலாஸ்கா என்று போட்டிருக்கிறது" என்கிறார்.