ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

காஞ்சிபுரத்துக் குடும்பத் தலைவிகளே, பூமி கொதிப்பதற்கு நீங்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கும்போது நீங்கள் குழாயை மூடுவதில்லையாம். ஃபேனை அணைக்காமலே அடுக்களைக்குப் போய்விடுகிறீர்களாம். ஆண்டுதோறும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கையில் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, உங்கள் குற்றத்தை உங்களுக்கே சொல்லி அனுப்புகிறார்கள். ஊர்வலத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்கிறவரின் கார், அவர் பேசி முடிக்கும்வரை இன்ஜின் ஓடியபடியே நிற்கும். திரும்பி ஏறும்போது சீட்டு சுட்டுவிடக் கூடாதல்லவா?

மூடச் சொல்கிற குழாயில் முதலில் தண்ணீர் வரட்டும். தெருக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிறைகிற நேரத்துக்குள் உலைக்கு அரிசி களைந்து, களைந்த தண்ணீரை மாட்டுக்கு எடுத்து வைக்கிறவளுக்கு ஒருவர் நீர்ச் சிக்கனம் கற்பிக்கிறார் என்றால், அவர் வாழ்நாளில் ஒரு குடம் தூக்கியதில்லை என்று பொருள்.

நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்கு வாருங்கள். தறிக்காரர் வீட்டில் எதை மிச்சப்படுத்தச் சொல்வீர்கள்? குழித்தறி ஓடுவது காலால். நாடா போவது கையால். கரண்ட் என்றால் தறிக்கு மேலே ஒரு டியூப்லைட். தெருவில் நீட்டிய பாவுக்குப் போடுவது அரிசிக் கஞ்சி. அறுந்த பட்டு இழையைக் கூடக் கூட்டித் தள்ளாமல் சுருட்டி வைப்பார்கள். கட்டிக் கிழிந்த புடவையும் குப்பைக்குப் போவதில்லை. ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக அதை எடை போட்டு வாங்கத் தெருவிலேயே ஆள் கூவிக்கொண்டு வருகிறான். இப்படிப்பட்ட வீட்டுக் கதவைத் தட்டி, மறுசுழற்சி பற்றி நோட்டீஸ் கொடுக்கிறார்கள். வழவழப்புத் தாளில், நாலு கலரில்.

அந்த வீட்டுக்காரர் ஏன் இவ்வளவு சிக்கனம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கூலி அப்படி. இரண்டு கையும் இரண்டு காலும் மட்டுமே ஓட்டுகிற ஒரு தொழிலை உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும். கொண்டாடத்தான் செய்கிறார்கள்: 2015-லிருந்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். மற்ற 364 நாளும், விசைத்தறியில் அடித்த புடவையைக் கைத்தறி என்று சொல்லி இதே ஊரில் விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் போட்டாயிற்று. சட்டம் பத்திரமாக இருக்கிறது. தறிகள்தான் குறைகின்றன. தறிக்காரர் மகன் ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் நிற்கிறான். நாளைக்கு அந்தக் கம்பெனியும் கூரையில் சோலார் பலகை போட்டுப் பசுமை விருது வாங்கும்.

சரி, கரண்ட் பில்லுக்கு வருவோம். சிக்கனம் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான். 2022 செப்டம்பரில் போட்ட கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரித்த வீடு 1,725 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. 501 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும், முன்னே இரண்டே கால் ரூபாய்க்குக் கொடுத்த நூறு யூனிட்டும் பின்தேதியிட்டு நாலரை ரூபாய் ஆகிவிட்டது. கந்துவட்டிக்காரன் கூட இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடமாட்டான். மே மாதத்து இரவில் பிள்ளைக்கு வியர்க்கிறதே என்று ஃபேனைக் கூடுதலாக ஒரு மணி நேரம் விட்டவளும், கணக்கெடுப்பவர் நாலு நாள் பிந்தி வந்ததால் கோட்டைத் தாண்டியவளும் இந்தத் தண்டனைக்கு உட்பட்டவர்கள். இதற்குச் சிக்கனத்தை ஊக்குவித்தல் என்று பெயர். அதே இரவில் சாலையோரம் ஆளுயரக் கட்-அவுட்டைச் சுற்றிச் சீரியல் பல்பு எரிகிறது, மேடைக்குப் பின்னால் கொக்கி போட்டு. அது எத்தனையாவது யூனிட்?

2023 செப்டம்பர் 15 அன்று இதே காஞ்சிபுரத்தில்தான் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கினார்கள். மாதம் ஆயிரம் ரூபாய். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், வீட்டு வேலைக்கு அது கூலியே ஆகாது. ஆனால் தகுதிப் பட்டியலில் ஒரு வரி இருந்தது: வீட்டில் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் எரித்திருக்க வேண்டும். ஆக, ஒரு பெண் எத்தனை யூனிட் எரிக்கிறாள் என்று அரசுக்குத் துல்லியமாகத் தெரியும். அரசு எத்தனை எரிக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

மஞ்சப்பைக் கதை இன்னும் ருசி. ஜவுளிக்கடையில் துணி எடுத்தால் சும்மா கொடுத்த பை அது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டணத்துக்கு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று காட்டி முப்பது நாற்பது வருஷம் சினிமாவில் சிரிக்க வைத்தார்கள். பை வெட்கப்பட்டு வீட்டுப் பரணில் ஏறியது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அதே பையை இறக்கினார்கள். பத்து ரூபாய் நாணயம் போட்டால் இயந்திரம் துப்பும். கரண்டில் ஓடும் இயந்திரம்.

பிளாஸ்டிக் தடையோ அதற்கும் முன்னால், 2019 ஜனவரி 1 முதல், 14 வகைப் பொருட்களுக்கு. ஆறு மாதம் கழித்து, தடைக்கு ஒரு நல்ல பரீட்சை வந்தது. நாற்பது வருஷம் அனந்தசரஸ் குளத்துத் தண்ணீருக்கடியில் கிடந்த அத்திமரச் சிலையான அத்தி வரதர் வெளியே வந்தார். ஜூலை 1 முதல் 48 நாள். ஒரு கோடிப் பேர் தரிசித்ததாக அரசே பெருமையாகச் சொன்னது. சென்னையில் ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஜனம் ஓடிய அதே கோடைக்குப் பின்பு, இங்கே மாட வீதிகளில் பாட்டிலும் பாக்கெட்டும் டம்ளரும் கணுக்கால் உயரத்துக்கு மிதிபட்டன. நெரிசலில் மனித உயிரும் போனது. அந்தக் கணக்கை மூலவருக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். தடையெல்லாம் யாருக்கு? கேரி பேக்கில் கத்தரிக்காய் போட்டுக் கொடுத்த ராஜாஜி மார்க்கெட் அம்மாவுக்கு. கம்பெனி முத்திரையோடு வரும் பொட்டலங்களுக்கு முதலில் விலக்கே தந்தார்கள். 2020-இல் விலக்கை நீக்கினார்கள். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குவது மட்டும் நீங்கவில்லை.

பச்சைக் கூடை, நீலக் கூடை என்று பிரித்துப் போடுகிறீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. வண்டி ஏறியதும் இரண்டும் கட்டிப் பிடித்துக்கொள்கின்றன.

நம்மவர்களை மட்டும் சும்மா விடலாமா? 2003-இல் ஜெயலலிதா, மழைநீர் சேகரிப்பு இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பேன் என்றதும் ஊரே குழாய் வைத்தது. மாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாயைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். பல வீட்டில் அது சிமெண்ட் தரையில் வந்து நிற்கும், வழி தெரியாத விருந்தாளி மாதிரி. பிளான் அப்ரூவல் போட்டோவில் விழுவதற்காகப் பிறந்த குழாய். முற்றம் வைத்த ஓட்டு வீட்டை இடித்து, ஒரு சாண் மண் விடாமல் டைல்ஸ் பதித்து, போரை முன்னூறு அடிக்கு இறக்கி, கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு குட்டி பாட்டில் வைக்கிற நடுத்தர வர்க்கம்தான் வாட்ஸ்அப்பில் மரம் நடச் சொல்கிறது. முகூர்த்தப் பட்டு லட்ச ரூபாய். அதில் பேரம் பேசிக் குறைத்தது நெசவுக்காரரின் வயிற்றில் அடித்து. இவர்கள் சேமித்த பணம் இப்படித்தான் வந்தது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஊர் இது. ஆற்றிலிருந்து எடுக்கிறவர்களுக்கு அந்தப் பழமொழி கிடையாது. பாலாற்றை வந்து பாருங்கள். மணல் இருந்த இடத்தில் பள்ளமும் சீமைக்கருவேலமும். தமிழ்நாட்டு மணல் குவாரிகளில் அளவுக்கு மேல் அள்ளியதன் மதிப்பு 4,730 கோடி ரூபாய், அரசுக்கு வந்தது 36.45 கோடி என்பது அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டு. ஐஐடி கான்பூர்க்காரர்களை வரவழைத்து அளந்தார்கள். சென்னையிலேயே ஒரு ஐஐடி இருக்கிறது, அது போகட்டும். வழக்கு நீதிமன்றப் படிகளில் சறுக்கியது. மணல் திரும்பி வரவில்லை. 501-வது யூனிட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்த அரசுக்கு ஆற்றுக்குள் இறங்கிய லாரியை எண்ணத் தெரியவில்லை.

வேகவதி என்று ஒரு ஆறும் ஊருக்குள் ஓடியது. இப்போது ஓடுவது ஊர்ச் சாக்கடையும் சாயத் தண்ணீரும். அதன் கரையில் குடிசை போட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர்களாம். அவர்களுக்குக் கீழ்கதிர்ப்பூரில் அடுக்குமாடி கட்டினார்கள். ஆளை அப்புறப்படுத்தத் தெரிந்தவர்களுக்குச் சாக்கடையை அப்புறப்படுத்தத் தெரியவில்லை. நத்தப்பேட்டை ஏரிக்காரர்களைக் கேட்டால் மிச்சக் கதையைச் சொல்வார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

இத்தனைக்கும் நடுவில்தான் 2022-இல் பரந்தூர் வந்தது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இந்த மாவட்டத்தின் வயல்களும் ஏரிகளும் கால்வாயுமாக 5,000 ஏக்கருக்கு மேல். நிலத்தை இழக்கப்போகிற ஏகனாபுரத்துக்காரர்கள் கிராமசபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். பகலில் கழனிக்குப் போய்விட்டு ராத்திரியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். இவர்களைப் பார்த்துத்தான், ‘வளர்ச்சிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்று உபதேசம். ஏரியைத் தூர்த்து ஓடுபாதை போடுகிறவர்கள், அடுத்த ஜூன் 5 அன்று உங்கள் வீட்டுச் சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லுவார்கள். மாற்றுங்கள், வாஷர் ஐந்து ரூபாய்தான்.

உத்திரமேரூருக்கும் ஒரு நடை போய் வரலாம். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டு கோயில் சுவரில் இருக்கிறது. ஜனநாயகத்தின் தாய் என்று அதைத் தில்லிவரைக்கும் பீற்றிக்கொள்கிறோம். குடவோலையில் பெயர் எடுத்து ஏரிக்கென்றே ஒரு வாரியம் அமைத்த செய்தியை அந்தச் சுவர் சொல்கிறது. இன்னொரு விதியையும் சொல்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் மகன், மாமனார், மைத்துனன், மருமகன் ஒருவரும் கூடாது. அந்த ஒரு விதியை நாளைக்கே அமல்படுத்தினால், இந்த மாவட்டத்தில் வார்டு மெம்பருக்கு ஆள் பிடிக்க ஆந்திராவுக்குள் போக வேண்டியிருக்கும்.