ஐரோப்பியக் கார்களில் இடைச்செருகல்: ஒரு பாட ஆய்வு

ஏட்டுச் சுவடியில் பாடபேதம் தேடிக் கண் கெட்ட மரபில் வந்தவர்கள் நாம். அதே பூதக்கண்ணாடியை ஐரோப்பியக் கார்களின் மேல் பிடித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் துணிபு. கம்பெனி செய்து அனுப்பியது மூலபாடம். வாங்கியவர் பிறகு மாட்டும் அகலச் சக்கரம், தாழ்வான ஸ்பிரிங், உறுமும் சைலன்சர் எல்லாம் இடைச்செருகல். நம் கருதுகோள் வருமாறு: ஒரு நாடு ஆக்சிலரேட்டரை மிதிக்கும் ஓட்டுநரின் காலை எவ்வளவு நம்புகிறதோ, அவ்வளவுக்கு வண்டியை மாற்றும் அவர் கையை நம்பாது.

தலையாய சான்று ஜெர்மனி. ஆட்டோபானின் பெரும்பகுதியில் வேக வரம்பே கிடையாது. 1978 முதல் 130 கி.மீ. என்பது வெறும் பரிந்துரை. 200-இல் பறக்கலாம், யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றினால் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். பரிசோதகர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, ஸ்பிரிங்கில் பொறித்த எண்ணையும் சான்றிதழில் அச்சிட்ட எண்ணையும் ஒப்புநோக்குவார். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பார். உ.வே.சா. பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். தேறிய இடைச்செருகல் வண்டியின் ஆவணத்தில் ஏறும். தேறாததோடு ஓட்டினால் வண்டிக்கான அனுமதியே செல்லாமல் போகலாம்.

இத்தனை ஐயம் ஏன்? 1865-இல் மன்ஹைம் நகர மதுவடிப்பாலை ஒன்றில் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே கொதிகலன்களைக் கண்காணிக்க அங்கு ஒரு சங்கம் எழுந்தது. இன்று கார்களைச் சோதிக்கும் டியூஃப் அமைப்புகள் அந்த வழிவந்தவை. கொதிகலனைத் தட்டிப் பார்த்த பரம்பரைக்குச் சைலன்சரைக் கண்டாலும் பழைய ஞாபகம் வரும் போலும்.

சுவீடன் நேர்மாறு. அங்கே இடைச்செருகலைச் சட்டமே கேட்கிறது. 15 வயதுப் பிள்ளை கார் ஓட்ட ஆசைப்பட்டால், அந்தக் காரை 30 கி.மீ.க்கு மேல் போகாதபடி முடக்கி, பின்பாகத்தை மாற்றி, முதுகில் சிவப்பு முக்கோணம் மாட்டி, டிராக்டர் என்று பதிவுசெய்ய வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டிராக்டர் கிடைக்காத விவசாயிகள் பழைய காரை வெட்டி ஏர் பூட்டியதில் தொடங்கிய வழக்கம் இது. இவ்வண்டிக்கு 'எபா' என்ற செல்லப்பெயரும் ஒரு மலிவுச் சரக்குக் கடையிலிருந்து ஒட்டிக்கொண்டது. இன்று வால்வோவும் பி.எம்.டபிள்யூவும் இந்த வேடத்தில் பள்ளிக்கூடம் போகின்றன. ஸ்பீக்கரில் இடி முழங்கும், சக்கரம் ஊரும், பின்னால் பொறுமையிழந்த ஒரு வரிசை. கருதுகோளுக்கு இதைவிட என்ன வலு வேண்டும்? காலைக் கட்டிப்போட்டுவிட்டுக் கையை அவிழ்த்துவிட்டார்கள்.

அற்றேல், பிரிட்டன் எப்படி என்பார்க்கு: மோட்டார்வேயில் 70 மைல்தான். ஆனால் இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லிவிட்டு, ஆண்டுப் பரிசோதனையில் தேறினால், வண்டியில் பெரும்பாலான கைவேலை செல்லுபடியாகும். எண் பலகையில் மட்டும் கை வைக்கக் கூடாது. எழுத்துகளின் இடைவெளியை நகர்த்திப் பெயர்போல் படிக்க வைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். சீர் பிரித்ததற்குத் தண்டனை விதிக்கும் நாடு வேறு எதையும் நாம் அறியோம்.

பிரான்சு 1993 வரை முகவிளக்கு மஞ்சளாகத்தான் எரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. அதற்குக் காலும் கையும் காரணமல்ல. அது தனி ஆய்வுக்கு உரியது.

இடறுவது ஃபின்லாந்து. கால் அகப்பட்டால் அது பையைத் திறந்து பார்க்கும். பெரிய வேகமீறலுக்கு அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. நோக்கியாவின் உயர் நிர்வாகி ஒருவர் 50 கி.மீ. பகுதியில் 75-இல் போனதற்கு 2002-இல் 1,16,000 யூரோ அபராதம் வாங்கினார். பிறகு முறையிட்டுப் பெருமளவு குறைத்துக்கொண்டார். காலை நம்பாத இந்நாடு கையை அவிழ்த்துவிட்டதாகச் சான்று கிட்டாததால், நம் கருதுகோள் இங்கே ஆட்டம் காண்கிறது என்று சிலர் மகிழலாம். அவர் ஓட்டியது ஹார்லி டேவிட்சன். இருசக்கர வாகனம் இவ்வாய்வின் எல்லைக்குள் வராததால் அச்சான்று தள்ளப்படுகிறது.