ஆடித்தபசும் ஆயிரம் காரும்

வாலே பேரப்புள்ள, உக்காரு. ஆடித்தபசுக்கு வண்டி நிப்பாட்டுத கமிட்டில உன்னையப் போட்டிருக்காவளாமே! படம் வேற வரைஞ்சு கொண்டாந்திருக்கே. கோவில் வாசல்ல இருக்க செவப்புக் கட்டமெல்லாம் யாருக்கு? வி.ஐ.பி.க்கா? அடேயப்பா, நம்ம சங்கரன்கோவிலுக்கு இத்தனை பெரிய மனுசன் வருதானா!

நம்ம ஆடித்தபசுக் கதையில சங்கனும் பதுமனும் எந்தச் சாமி பெரிசுன்னு சண்டை போட்டாவ. பாம்பா இருந்தும், கோமதி அம்மன் தவத்துல சங்கரநாராயணர் காட்சி குடுத்ததும் அடங்கிட்டாவ. நீ ரத வீதில ரெண்டு காரை எதிரும் புதிருமா விட்டுப் பாரு. எவன் பின்னால எடுக்கதுங்க சண்டையைத் தீக்க எந்தச் சாமி வரும்?

கொடியேறிட்டா சனம் 101, 108ன்னு ஆடிச்சுத்து சுத்தும். நடந்து சுத்தினா புண்ணியம். எடம் தேடிக் கார்ல சுத்தினா பெட்ரோல்தாம்ல தீரும்.

தெற்கு ரத வீதில ஒரு சக்கரம்கூட விடாத. காட்சி நேரத்துல சம்சாரி பருத்தி, வத்தல்னு வெள்ளாமையைச் சூறை விடுவான். வத்தல் பானட்டுல விழுந்தா, விருந்தாளி அம்மனை விட்டுட்டு பெயிண்டைத்தான் தடவிப் பாப்பான்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில் ஆடி அமாவாசைக்குப் போயிருக்கியா? அது முண்டந்துறைப் புலிக்காடு. சொந்த வண்டியை அகஸ்தியர்பட்டியில போட்டுட்டு, சனமெல்லாம் கவர்மெண்டு பஸ்ல ஏறிப் போவுது. புலி இருக்க காட்டுலயே அப்படின்னா, எலி ஓடுத நம்ம தெருவுல ஏம்ல முடியாது? ஊருக்கு வெளிய நாலு திக்கும் எடம் பாரு. அங்கன இருந்து பஸ் விடு. வி.ஐ.பி.க்கும் அதே பஸ்தான். கால் தேஞ்சா போயிரும்?

இன்னொண்ணு. அந்தக் காலத்துல மாட்டு வண்டியை அவுத்துப் போடும்போது, நுகத்தடி ரோட்டைப் பாத்துத்தான் கெடக்கும். திரும்பும்போது பூட்டுனதும் கெளம்பலாம். வாரப்ப எல்லாவனும் பக்தன்டே. போறப்பதான் ராத்திரி தூக்கக் கலக்கத்துல அவனவன் சுயரூபம் தெரியும். அதனால காரோட மூஞ்சி வெளிய பாக்கட்டும்.

செவப்புக் கட்டத்தை அழிச்சிட்டியா? நல்ல புள்ள. ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டு வையி. நம்ம கயித்துக் கட்டிலைப் போட்டுக்கிடுதேன். எவனாவது கேட்டா, தாத்தாவும் தபசு இருக்காருன்னு சொல்லு.