முதலில் இறக்கையா, லைசென்ஸா?

சிரம்பானுக்கு மேற்கே லாபு பக்கத்துத் தோட்டங்களில் விமான ஓசைக்குக் குறைவில்லை. 1998 ஜூனில் கேஎல்ஐஏ திறந்து கொஞ்ச காலத்திலேயே சனங்கள் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள். விடாதவர் ஒருவர் எந்தத் தோட்டத்திலும் இருப்பார். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் டெஸ்டரும் சின்ன நோட்டுப் புத்தகமும் வைத்திருப்பவர். ஊரில் அவருக்கு 'கேப்டன்' என்று பெயர். இதுவரை அவர் ஓட்டியதில் பெரியது ஆலை டிராக்டர்.

கேப்டன் சொந்தமாக ஒரு விமானம் கட்டி, தானே ஓட்டப் போகிறார். அது முடிவான விஷயம். எதை முதலில் செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

"மொதல்ல லைசென்ஸ் எடுத்தேன்னு வச்சுக்க தம்பி. பிளேன் கட்டி முடிக்க எட்டு வருசம் ஆவும். அதுக்குள்ள படிச்சது எல்லாம் மறந்துரும். மொதல்ல பிளேன கட்டுனா, ஓட்டத் தெரியாதவன் வீட்டு போர்ச்சுல ஒரு பிளேன் நிக்கும். மழையில நனையுறது யாரு காரு? என் காருதான்!"

சிரிக்கலாம். ஆனால் கணக்கில் பிசகில்லை. தனியார் விமானி உரிமத்துக்கு உலக விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்சம் 40 மணி நேரப் பறப்பு. ஒவ்வொரு மணிக்கும் காசு. உரிமம் வாங்கிவிட்டுச் சும்மா இருந்தால் கை துருப்பிடிக்கும். அமெரிக்காவில் கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருந்தால்தான் பக்கத்தில் ஆள் ஏற்றலாம். கட்டுவதற்கோ ஆயிரக்கணக்கான மணி நேரம் வேண்டும். இதற்கிடையே மருத்துவச் சான்று வேறு; நாற்பது வயதைத் தாண்டினால் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். கேப்டனுக்கு இனிப்புநீர் உண்டு. அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அவர் தே தாரேக்குச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். சீனி குறைவாக என்றுதான் சொல்வார்.

செய்து காட்டியவர்களின் கதை எல்லாம் அவருக்கு அத்துப்படி. ரைட் சகோதரர்கள் 1902இல் என்ஜின் இல்லாத கிளைடரில் எழுநூறுக்கும் மேற்பட்ட தடவை மிதந்து பழகிவிட்டு, மறு ஆண்டுதான் என்ஜினைப் பூட்டினார்கள். "அவங்க அண்ணன் தம்பி ரெண்டு பேருலா. ஒருத்தர் கட்டுனா இன்னொருத்தர் பழகலாம்" என்பார் கேப்டன். அவருடைய தம்பி ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். விமானப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவார்.

சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் கதை அவருக்கு இன்னும் பிடிக்கும். 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். எட்டே மாதத்தில், 1910 மார்ச்சில், டி'ஏஞ்சலிஸ் சிம்சன் கம்பெனியில் செய்வித்த தன் விமானத்தைத் தீவுத்திடலில் சனங்கள் பார்க்கப் பறக்கவிட்டார். அன்றைக்கு இந்தியாவில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியே கிடையாது. முதலில் எது என்ற கேள்வியே அந்த மனிதருக்கு எழவில்லை. கேப்டன் இதைப் பொறாமையோடு சொல்வார்.

இந்தக் காலத்து ஆட்களில் கேரளத்துக்காரர் அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் முதலில் உரிமம் எடுத்து, வாடகை விமானம் ஓட்டிப் பழகினார். கொரோனா முடக்கத்தில் ஸ்லிங் என்ற தென்னாப்பிரிக்க கிட்டை வரவழைத்து நால்வர் அமரும் விமானம் கட்டி, 2022இல் குடும்பத்தோடு பறந்தார். மும்பையின் அமோல் யாதவ் தொழிலாலேயே விமானி. மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டி, கிரேன் வைத்து இறக்கினார். அதற்குப் பதிவு எண் கிடைத்தது 2017இல். இரண்டு பேருமே முதலில் ஓட்டக் கற்றவர்கள். அப்படியானால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதே என்று யாராவது சொன்னால், "நம்ம வீட்டுக்கு ஏது மொட்ட மாடி? தகரக் கூரதான்" என்று பதில் வரும்.

கட்டி அனுபவப்பட்டவர்கள் சொல்லும் வழி ஒன்றும் ரகசியமில்லை. என்ஜினைக் கடைசியில் வாங்கு. சும்மா கிடந்தால் உள்ளே துரு ஏறும். உடம்பு வேலை முடியும் தறுவாயில் பயிற்சிக்குப் போ. முதல் பறப்பை அனுபவசாலியிடம் கொடு. அப்புறமும் அமெரிக்க வழக்கப்படி 25லிருந்து 40 மணி நேரம் பயணி இல்லாமல் ஓட்டிச் சோதிக்க வேண்டும். இவ்வளவும் கேப்டனின் நோட்டில் அடிக்கோடிட்டு இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் எதுவும் நிற்கவில்லை. தெரிந்ததால்தான் எல்லாம் நிற்கிறது.

காலமும் அவருக்குச் சாதகமாகவே சாட்சி சொல்கிறது. லாபுவில் ஏர்ஏசியாவும் சைம் டார்பியும் சேர்ந்து மலிவுக் கட்டண விமான முனையம் கட்டுவதாகச் சொன்னபோது, அது திறந்ததும் ஆரம்பிக்கலாம் என்றிருந்தார். 2009 ஜனவரியிலேயே அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. பாதி மகள் கல்யாணத்துக்கும் மீதி கூரைக்கும் போயிற்று. மிஞ்சியதில் ஒரு ரிவெட் துப்பாக்கி வாங்கினார். அமெரிக்க வேன்ஸ் கம்பெனியின் கிட்டுக்கு விலை விசாரித்துக்கொண்டே இருந்தார். லேசரில் வெட்டிய பாகங்களில் விரிசல், பணமுடை என்று 2023 டிசம்பரில் அந்தக் கம்பெனியே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அன்று ஒட்டுக்கடையில் எல்லாருக்கும் ரொட்டி சானாய் கேப்டன் செலவு. "பாத்தீங்களா? அவசரப்பட்டிருந்தா என்னா ஆயிருக்கும்?"

ஆறு மாதம்கூட ஆகவில்லை, கம்பெனி மறுபடி எழுந்துவிட்டது. அந்த வாரம் அவர் கடைப் பக்கமே வரவில்லை.

இப்போது புதுத் திட்டம். பேரன் மூன்றாம் படிவம் படிக்கிறான். 17 வயதில் உரிமம் எடுக்கலாம். தாத்தா கட்டுவார், பேரன் ஓட்டுவான். இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும். நோட்டில் படம் போட்டு விளக்கினார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"தாத்தா, நான் பாஸ் பண்ணிட்டேன், பிளேன் முடியலன்னா?"

கேப்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருய்யா. இத ஆர அமரத்தான் பேசணும்."